எதிரொலி காட்டிய உள்ளுலகம்

நுழையும்முன்

உடலைத் திறக்காமல் உடலுக்குள் இருப்பதை அறிய வேண்டும் என்பது மருத்துவத்தின் நெடுநாள் வேட்கை. தொட்டும் தட்டியும் செவிசாய்த்துக் கேட்டும் மருத்துவர் அறிந்தவை சில. அறிய இயலாமல் ஊகித்தவை பல. ஊகம் தவறியபோதெல்லாம் அதற்கு விலை கொடுத்தவர் நோயாளியே. கடலிலும் கொதிகலன் தொழிற்சாலையிலும் பயன்பட்ட ஓர் ஒலிக்கருவியை நோயாளியின் படுக்கையருகே கொண்டுவந்து, அந்த ஊகத்தின் எல்லையைச் சுருக்கியவர் இயான் டொனால்டு. அவர் தொடங்கிவைத்த முறை, இன்று மயக்க மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் இரைப்பையில் உணவு இருக்கிறதா என்று பார்ப்பதுவரை வளர்ந்துள்ளது. அவருடைய வாழ்வையும் அவர் விட்டுச்சென்ற அறிவுச் செல்வத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் இழப்பும்

இயான் டொனால்டு 1910ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள கார்ன்வால் பகுதியின் லிஸ்கர்டு என்னும் ஊரில் பிறந்தார். குடும்பத்தின் வேர் ஸ்காட்லாந்தில் இருந்தது. தந்தை மருத்துவர், தாய் மேடைகளில் பியானோ வாசித்த இசைக்கலைஞர். மருத்துவமும் இசையும் ஒருங்கே வாழ்ந்த இல்லத்தில், உடன்பிறந்தோர் நால்வருள் மூத்தவராக அவர் வளர்ந்தார். பள்ளிக்கல்வி ஸ்காட்லாந்தில் தொடங்கியது.

தந்தையின் உடல்நலம் குன்றியதால், 1925ஆம் ஆண்டில் குடும்பம் தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு இரண்டு ஆண்டுகளுக்குள் பெருந்துயர் நேர்ந்தது. 1927ஆம் ஆண்டில் வீட்டில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. தாய் இறந்தார், சில மாதங்களில் தந்தையும் மறைந்தார். பதினாறு வயதில் டொனால்டு பெற்றோர் இருவரையும் இழந்தார். வீட்டை நிருவகித்து வந்த பணிப்பெண்மணியே பிள்ளைகளைப் பேணும் பொறுப்பை ஏற்றார். இந்த இழப்புக்கு இடையிலும் கல்வி நிற்கவில்லை. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, கிரேக்கம், ஆங்கிலம், இசை ஆகியவற்றைப் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து திரும்பி, லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக் கல்லூரியில் சேர்ந்து 1937ஆம் ஆண்டில் மருத்துவரானார். அதே ஆண்டில் அலிக்ஸ் என்பவரை மணந்தார். அவர்களுக்கு நான்கு பெண்மக்கள் பிறந்தனர்.

மொழியும் இசையும் பயின்றவர் மருத்துவரானது, அவருடைய பிற்கால வாழ்வைப் புரிந்துகொள்ளத் துணைசெய்யும். ஒரு துறையின் வேலிக்குள் நின்றுவிடாமல், பிற துறையினரின் கருவிகளையும் சொற்களையும் தமதாக்கிக்கொள்ளும் இயல்பு அவரிடம் இளமையிலேயே அமைந்திருந்தது.

போர் கற்பித்த பாடம்

இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1942ஆம் ஆண்டில் டொனால்டு பிரிட்டனின் அரச வான்படையில் மருத்துவ அலுவலராகச் சேர்ந்தார். விபத்துக்குள்ளாகித் தீப்பற்றி எரிந்த வானூர்தி ஒன்றினுள், வெடிக்காத குண்டுகள் இருப்பதை அறிந்தும் நுழைந்து வீரர்களை மீட்டார். அந்தத் துணிவுக்காக 1946ஆம் ஆண்டில் அரசு அவருக்குச் சிறப்பு விருது வழங்கியது.

போர்க்காலம் அவருக்கு மற்றொரு செல்வத்தையும் தந்தது. வானில் வரும் பகை வானூர்தியை ரேடியோ அலைகளால் அறியும் ரேடார், கடலுக்கடியில் மறைந்து வரும் நீர்மூழ்கிக் கப்பலை ஒலி அலைகளால் அறியும் சோனார் ஆகிய இரண்டையும் அவர் அறிந்துகொண்டார். அலையை அனுப்பு, அது மோதித் திரும்பும்வரை காத்திரு, திரும்பிவர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடு. இவ்வளவுதான் அதன் அடிப்படை. கண்ணுக்குப் புலப்படாத பொருளை எதிரொலியால் அறியலாம் என்னும் இந்த எண்ணம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்வரை அதிர்வெண் கொண்ட ஒலிகளைக் கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி எனப்படும். வௌவால் இருளில் வழி காண்பதும் இரை தேடுவதும் மீயொலியின் எதிரொலியைக் கொண்டே. மருத்துவத்தில் பயன்படும் மீயொலியின் அதிர்வெண் பெரும்பாலும் 2 முதல் 15 மெகாஹெர்ட்ஸ்வரை அமையும். உடலின் மென்திசுக்களில் அது நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் விரைவில் செல்கிறது. தோலுக்கு 10 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள ஓர் உறுப்பில் மோதி அது திரும்பிவர ஆகும் நேரம், ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சும். அந்த நுண்ணிய நேரத்தை அளக்க வல்ல மின்னணுக் கருவிகளைப் போர்க்காலம் உருவாக்கித் தந்திருந்தது.

தெரியுமா?

குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றுகிறது. இதனை 1880ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கியூரி உடன்பிறப்புகளான ஜாக், பியர் ஆகியோர் கண்டறிந்தனர். அப்படிகங்களுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அவை அதிர்ந்து ஒலியை எழுப்பும். முதல் உலகப்போரின்போது பால் லாஞ்செவன் இப்பண்பைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் முறையை உருவாக்கினார். இன்றைய ஸ்கேன் கருவியின் கைப்பிடியிலும் ஒலியை எழுப்புவதும் எதிரொலியைக் கேட்பதும் இத்தகைய படிகங்களே.

மூச்சுக்குத் துணை

போர் முடிந்தபின் டொனால்டு லண்டனில் மகப்பேற்று மருத்துவப் பணிக்குத் திரும்பினார். பிறந்தவுடன் மூச்சுவிடத் திணறும் குழந்தைகளின் துயரம் அவரை வருத்தியது. 1950களின் தொடக்கத்தில் உடலியல் அறிஞர் மொரீன் யங்குடன் இணைந்து, பச்சிளங்குழந்தைகளுக்கான செயற்கை மூச்சுக் கருவிகளை உருவாக்கினார். குழந்தை தானே எடுக்க முயலும் மெல்லிய மூச்சை உணர்ந்து, அதற்கேற்பத் துணைசெய்யும் வகையில் அக்கருவி அமைந்தது. எந்நேரமும் குழாய்களோடும் மின்கம்பிகளோடும் போராடிக்கொண்டிருந்த அவரை உடன்பணியாற்றியோர் பித்தர் என்று கேலி பேசினர். அவரோ அதனைப் பொருட்படுத்தவில்லை. மூச்சுக்குழலும் நுரையீரலும் எவ்வளவு மென்மையானவை, சில மணித்துளிகள் எப்படி உயிரைத் தீர்மானிக்கின்றன என்பதை அந்த ஆண்டுகள் அவருக்கு உணர்த்தின.

1954ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவரை மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக அமர்த்தியது. கிளாஸ்கோ அந்நாளில் கப்பல் கட்டும் நகரம். இரும்பும் நீராவியும் ஆண்ட நகரம். அந்த நகரத்தின் தொழிலே அவருடைய மருத்துவ ஆய்வுக்கு வழிகாட்டியது.

கொதிகலன் தொழிற்சாலையில் ஒரு சோதனை

மீயொலியை மருத்துவத்துக்குக் கொண்டுவர முயன்றவர் டொனால்டு ஒருவர் மட்டும் அல்லர். ஆஸ்திரியாவில் கார்ல் தூசிக் மூளையை ஆராய முயன்றார். அமெரிக்காவில் ஜான் வைல்டு, குடல் அடைப்பால் வருந்திய நோயாளிகளைக் கருதிக் குடற்சுவரின் தடிப்பை மீயொலியால் அளக்கத் தொடங்கி, கட்டிகளை ஆராய்வதற்கு முன்னேறினார். டக்ளஸ் ஹௌரி, நோயாளியை நீரில் அமர்த்திப் படம் எடுத்தார். வைல்டின் உரையை லண்டனில் கேட்ட டொனால்டுக்குப் போர்க்கால நினைவுகள் மீண்டும் எழுந்தன.

கிளாஸ்கோவை அடுத்த ரென்ஃபுரூ நகரில் பாப்காக் அண்டு வில்காக்ஸ் என்னும் கொதிகலன் தொழிற்சாலை இயங்கியது. பற்றவைத்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளதா என்று அறிய, அங்கு மீயொலிக் கருவியைப் பயன்படுத்தினர். இரும்பின் உட்குறையைக் காட்டும் கருவி உடலின் உட்குறையைக் காட்டாதா என்று டொனால்டு எண்ணினார். தொழிற்சாலை இயக்குநருள் ஒருவருடைய மனைவி அவரிடம் மருத்துவம் பெற்றிருந்தார். அத்தொடர்பு வாயிலைத் திறந்துவிட்டது.

1955ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் அங்கு ஒரு விந்தையான ஊர்வலம் சென்றது. அறுவையில் அகற்றப்பட்ட கருப்பைத் தசைக்கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் இரண்டு சீருந்துகளின் பின்பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு டொனால்டு தொழிற்சாலையை அடைந்தார். ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலையினர் பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்றை வைத்திருந்தனர். கருவியின் திரையில் ஒளிக்கோடுகள் எழுந்தன. நீர் நிரம்பிய கட்டி ஒலிக்கு வழிவிட்டது. அதன் முன்சுவரும் பின்சுவரும் மட்டும் எதிரொலித்தன. தசைக்கட்டியோ ஒலியை உள்வாங்கித் தேய்த்தது. திடப்பொருளும் நீர்மமும் வெவ்வேறு கையெழுத்து இடுகின்றன என்பது உறுதியாயிற்று. மருத்துவ மீயொலியியல் இன்றும் இந்த வேறுபாட்டின்மீதே நிற்கிறது.

இளம் பொறியாளரின் வருகை

லண்டன் மருத்துவமனை ஒன்றிலிருந்து டொனால்டுக்கு முதலில் கிடைத்தது ஒரு பழைய விரிசல் காணும் கருவி. தோலுக்கு அருகிலுள்ள பகுதிகளை அது காட்டவில்லை. அக்குறையைப் போக்க, அடிப்பகுதியில் மெல்லிய இரப்பர் கட்டிய நீர்க்கலன்களை நோயாளியின் வயிற்றின்மீது வைத்துச் சோதித்தனர். நீர் வழிந்து படுக்கை நனைந்ததே பல நாள்களில் கண்ட பயன்.

1956ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. கெல்வின் அண்டு ஹியூஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த டாம் பிரவுன் என்னும் இளம் பொறியாளர், கிளாஸ்கோவின் வெஸ்டர்ன் மருத்துவமனையின் அறுவை அரங்கில் விளக்குப் பணிக்காக வந்திருந்தார். விரிசல் காணும் கருவியைக் கொண்டு மனிதர்களைச் சோதிக்கும் பேராசிரியரைப் பற்றி அங்கு அவர் கேள்விப்பட்டார். உடனே தொலைபேசி நூலில் எண்ணைத் தேடிப் பேராசிரியரை அழைத்தார். வந்து பார்த்தபோது, அக்கருவி எதற்கும் உதவாத நிலையில் இருப்பதைக் கண்டார். தம் நிறுவனத்திலிருந்து புதிய கருவியைப் பெற்றுத் தந்தார்.

பிரவுனுக்கு அப்போது இருபதுகளின் தொடக்கம். டொனால்டோ பெயர்பெற்ற பேராசிரியர். எளிதில் சினம் கொள்பவர் என்றும் அறியப்பட்டவர். ஆயினும் அகவையும் பதவியும் அவர்களுக்கு இடையே தடையாகவில்லை. இளம் மருத்துவர் ஜான் மக்விகார் மூன்றாமவராக இணைந்தார். திரையில் வெறும் கோடுகளாக எழுந்த எதிரொலிகளை, வயிற்றின் குறுக்குவெட்டுப் படமாக மாற்றும் கருவியைப் பிரவுன் வடிவமைத்தார். உணரியை நேரடியாகத் தோலின்மீது வைத்து நகர்த்தினால் போதும். நோயாளியை நீரில் இறக்க வேண்டிய தேவை நீங்கியது. தோலுக்கும் உணரிக்கும் இடையே காற்று புகாதிருக்க எண்ணெய் தடவினர். இன்று தடவப்படும் பசைமம் அந்த எண்ணெயின் வழிவந்ததே.

வயிறு சொன்ன உண்மை

புதிய கருவியின் மதிப்பை ஒரு பெண்மணியின் நோய் உலகுக்கு உணர்த்தியது. அவருடைய வயிறு பெரிதும் வீங்கியிருந்தது. உடலோ நாளுக்கு நாள் மெலிந்து வந்தது. இரைப்பையில் புற்றுநோய் என்றும், அதனால் வயிற்றில் நீர் கோத்துள்ளது என்றும், அறுவையால் பயனில்லை என்றும் மருத்துவர்கள் முடிவு செய்திருந்தனர். அவர் முடிவை எதிர்நோக்கியிருந்தார் என்றே கூறலாம்.

டொனால்டின் குழுவினர் அவருடைய வயிற்றின்மீது மீயொலிக் கருவியை வைத்தனர். வயிற்றில் நீர் பரவிக் கிடந்தால், அதில் மிதக்கும் குடலின் எதிரொலிகள் தெரிய வேண்டும். ஆனால், தெளிவான எல்லைச்சுவர் கொண்ட ஒரே பெரிய நீர்க்கட்டியின் வடிவமே திரையில் தெரிந்தது. புற்றுநோய் என்று கருதப்பட்டது சினைப்பையில் வளர்ந்த மாபெரும் நீர்க்கட்டி என்பது புலனாயிற்று. அறுவை செய்து அதனை அகற்றினர். கைவிடப்பட்ட பெண்மணி நலம்பெற்று வீடு திரும்பினார்.

இந்நிகழ்வுக்குப் பிறகு மீயொலியை எள்ளி நகைப்பது கடினமாயிற்று. 1958ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், டொனால்டு, மக்விகார், பிரவுன் மூவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. வயிற்றுக் கட்டிகளை மீயொலித் துடிப்புகளால் ஆராய்வதே அதன் பொருள். ஒரு பொறியாளரின் பெயரும் மருத்துவர்களின் பெயர்களோடு இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது.

அதே காலத்தில் மற்றொரு செய்தி மருத்துவ உலகைக் கலங்கச் செய்திருந்தது. தாய் கருவுற்றிருக்கும்போது எடுக்கப்படும் ஊடுகதிர்ப் படங்களுக்கும் குழந்தைப் பருவப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று ஆலிஸ் ஸ்டூவர்ட் 1956ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். கருவிலிருக்கும் குழந்தையைக் கதிர்வீச்சின்றிக் காண வேறு வழி வேண்டியிருந்தது. டொனால்டின் ஒலி அவ்வழியைத் திறந்தது.

நீர் என்னும் சாளரம்

காற்றும் வாயுவும் மீயொலிக்குப் பெருந்தடை. குடலில் உள்ள வாயு ஒலியைத் திருப்பியனுப்பி, அதற்கு அப்பால் உள்ளவற்றை மறைத்துவிடும். இதனால் கருவுற்ற தொடக்க வாரங்களில் கருப்பையைக் காண்பது அரிதாக இருந்தது. 1963ஆம் ஆண்டில் டொனால்டு ஓர் எளிய தீர்வைக் கண்டார். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது குடலை ஒதுக்கித் தள்ளுகிறது. அதிலுள்ள நீர் ஒலிக்குச் சாளரமாக அமைகிறது. வயிற்று ஸ்கேன் எடுக்கும் முன் நீர் அருந்தச் சொல்லும் வழக்கம் இவ்வாறு தோன்றியது.

இதன்பின் வளர்ச்சி விரைந்தது. கருவின் தலையை அளந்து அதன் வளர்ச்சியை அறியவும், இரட்டைக் கருக்களைக் காணவும், நஞ்சுக்கொடியின் இடத்தைக் கண்டு தாயின் குருதிப்போக்கைத் தவிர்க்கவும் அவருடைய குழுவினரும் மாணவர்களும் வழிகண்டனர். டொனால்டின் இடைவிடாத முயற்சியால் உருவான குயின் மதர்ஸ் மகப்பேறு மருத்துவமனை 1964ஆம் ஆண்டில் கிளாஸ்கோவில் திறக்கப்பட்டது. உலகின் பல நாடுகளிலிருந்தும் மருத்துவர்கள் அங்கு வந்து பயின்றனர்.

நோயாளியாய் ஒரு மருத்துவர்

டொனால்டின் இதயம் நெடுங்காலம் நோயுற்றிருந்தது. மூன்று முறை அவர் பெரிய இதய அறுவைக்கு உள்ளானார். பிறருக்காக அறுவை அரங்கில் நின்றவர், மயக்க மருந்துக்கு முன் தம் உயிரைப் பிறர் கையில் ஒப்படைத்துப் படுத்தார். நோயாளியின் இடத்திலிருந்து பெற்ற பட்டறிவை மருத்துவர்கள் அறியும்படி எழுதியும் வைத்தார். உடல்நலம் குன்றிய நிலையிலும் கற்பித்தலையும் ஆய்வையும் தொடர்ந்தார். 1976ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று, இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள பேகிள்ஷம் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். 1987ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் மறைந்தார்.

மயக்கத்துக்கு முன் ஒரு பார்வை

டொனால்டு மறைந்தபின் அவருடைய கலை புதிய இடங்களுக்குச் சென்றது. அவற்றுள் ஒன்று அறுவை அரங்கின் வாயில்.

அறுவைக்கு முன் உண்ணவும் பருகவும் கூடாது என்று மருத்துவர் கூறுவதை யாவரும் அறிவர். இதன் காரணத்தை அறிந்தோர் சிலரே. விழித்திருக்கும்போது இரைப்பையின் உணவு மேலே வராதபடி உணவுக்குழலின் கீழ்ப்பகுதி இறுகி நிற்கிறது. தவறி மேலே வந்தாலும் இருமல் மூச்சுக்குழலைக் காக்கிறது. மயக்க மருந்து இந்த இரு காவல்களையும் தளர்த்திவிடுகிறது. அப்போது இரைப்பை நிறைந்திருந்தால், உணவும் அமிலமும் மேலேறி நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். திடவுணவு மூச்சை அடைக்கும். அமிலம் நுரையீரலைப் புண்ணாக்கும்.

இதனைத் தெளிவாக ஆராய்ந்தவரும் ஒரு மகப்பேற்று மருத்துவரே. நியூயார்க்கில் பணியாற்றிய கர்டிஸ் மெண்டல்சன், 1932 முதல் 1945வரை ஒரு மருத்துவமனையில் நிகழ்ந்த 44,016 மகப்பேறுகளின் குறிப்புகளை ஆராய்ந்தார். அவற்றுள் 66 தாய்மார்களுக்கு இரைப்பைப் பொருள்கள் நுரையீரலுக்குள் சென்றிருந்தன. இருவர் திடவுணவு மூச்சை அடைத்ததால் இறந்திருந்தனர். 1946ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டார். உண்ணாநோன்பு விதிகள் வலுப்பெற்றதற்கு அக்கட்டுரை பெருங்காரணம். இன்று தெளிந்த நீர்மங்களுக்கு 2 மணி நேரமும், எளிய உணவுக்கு 6 மணி நேரமும், கொழுப்பு மிகுந்த உணவுக்கு 8 மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் நெறி.

எனினும் கடிகாரம் இரைப்பையைக் காட்டாது. பேறுகால வலியில் இருப்பவர், நீண்டகால நீரிழிவு உடையவர், விபத்தில் அடிபட்டவர் ஆகியோரின் இரைப்பை மெதுவாகவே காலியாகும். நீரிழிவுக்கும் உடல் எடை குறைப்புக்கும் தரப்படும் சில புதிய மருந்துகளும் செரிமானத்தைத் தாமதப்படுத்துகின்றன. நினைவிழந்து வருபவரோ எப்போது உண்டார் என்று கூற இயலாது. இத்தகைய நேரங்களில் மயக்கவியல் மருத்துவர் ஊகத்தை நம்ப வேண்டியிருந்தது. இருபத்தோராம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் கனடாவின் டொராண்டோ நகர மருத்துவர்கள் உள்ளிட்டோர், மீயொலியால் இரைப்பையை நேரில் காணும் முறையை ஒழுங்குபடுத்தினர்.

நோயாளியை முதலில் மல்லாந்தும் பின்னர் வலப்புறமாகவும் படுக்கச் செய்வர். மார்பெலும்புக்குச் சற்றுக் கீழே, நடுவயிற்றில் உணரியை வைப்பர். கல்லீரலின் இடமடலுக்கும் கணையத்துக்கும் இடையே இரைப்பையின் கீழ்ப்பகுதி புலப்படும். வலப்புறம் சாய்ந்து படுக்கும்போது இரைப்பையில் உள்ளவை அப்பகுதிக்கு இறங்கிவரும் என்பதால் காட்சி தெளிவாகும். காலியான இரைப்பை, அம்பு எய்யும் இலக்கின் வட்டங்களைப்போல் சிறிதாகத் தோன்றும். தெளிந்த நீர்மம் இருந்தால் உட்பகுதி விரிந்து கருமையாகத் தெரியும். அப்போதுதான் பருகியிருந்தால் காற்றுக்குமிழ்கள் இரவு வானின் விண்மீன்களைப்போல் மின்னும். திடவுணவு புகைபடிந்த கண்ணாடியைப்போலக் காட்சியளிக்கும்.

நீர்மம் மட்டும் இருந்தால் அப்பகுதியின் பரப்பை அளந்து அதன் அளவைக் கணக்கிடுவர். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.5 மில்லிலிட்டர்வரை இருந்தால், அது இரைப்பை இயல்பாகச் சுரக்கும் நீரே எனக் கொள்ளலாம். 60 கிலோ எடை உடையவருக்கு இது 90 மில்லிலிட்டர். அளவு மிகுந்தாலோ திடவுணவு தென்பட்டாலோ, மருத்துவர் அறுவையைத் தள்ளிவைப்பார்; அல்லது முழு மயக்கத்தைத் தவிர்த்து உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்வார்; உயிர்காக்கும் அறுவையாயின், மூச்சுக்குழலை விரைந்து குழாயால் காத்து மயக்கம் தருவார். சில மணித்துளிகளில் முடியும் இச்சோதனை, உண்ணாநோன்பு விதிக்கு மாற்றன்று; விதி ஐயத்தில் முடியும் இடத்தில் துணையாக வருவது. முன்பே இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர்களிடம் இதன் முடிவை அவ்வளவாக நம்ப இயலாது. படத்தைப் படிக்கப் பயிற்சியும் வேண்டும்.

திடப்பொருளும் நீர்மமும் வெவ்வேறாக எதிரொலிக்கும் என்று ரென்ஃபுரூ தொழிற்சாலையில் கண்ட உண்மையே இங்கும் உயிர் காக்கிறது.

கருவியும் கடமையும்

எந்தக் கருவியும் அதனைப் பயன்படுத்துவோரின் நெஞ்சுக்கு ஏற்பவே நன்மையும் தீமையும் தரும். பிறவாத குழந்தையையும் ஒரு நோயாளியாகக் கருதிக் காக்க விரும்பினார் டொனால்டு. அவர் தந்த கருவியைக் கொண்டே பெண் கருக்களைக் கண்டறிந்து அழிக்கும் கொடுமையும் நிகழ்ந்தது. அதனைத் தடுக்க இந்தியா 1994ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. ஸ்கேன் மையங்களில் காணப்படும் அறிவிப்புப் பலகைகள் அச்சட்டத்தின் விளைவே.

இயான் டொனால்டு மீயொலியைக் கண்டுபிடித்தவர் அல்லர். கடலுக்கும் இரும்புக்கும் பயன்பட்டதை மனிதருக்குப் பயன்படச் செய்தவர். எள்ளல்களுக்குத் தளராமல் உழைத்தவர். இளம் பொறியாளரின் அறிவை மதித்து ஏற்றவர். உறுதி என்று பிறர் கூறிய முடிவையும் மீண்டும் சோதித்துப் பார்த்தவர். மயக்க மருந்தைச் செலுத்தும் முன் ஒரு கணம் நின்று இரைப்பையைப் பார்க்கும் மருத்துவர், தெரிந்தோ தெரியாமலோ, அவர் வகுத்த நெறியிலேயே நடக்கிறார். ஊகிப்பதற்கு முன் பார்க்க வேண்டும் என்பதே அந்நெறி.

கற்பவை கற்றபின்...

1. பிற துறையில் தோன்றி மருத்துவத்தில் பயன்படும் கருவிகள் மூன்றனைப் பற்றிய செய்திகளைத் திரட்டி வகுப்பறையில் பேசுக.

2. அறுவைக்கு முன் உண்ணாதிருத்தல் ஏன் தேவை என்பதை ஊர்மக்களுக்கு விளக்கும் துண்டறிக்கை ஒன்றை எளிய தமிழில் உருவாக்குக.

3. ‘அறிவியல் வளர்ச்சியில் கூட்டுமுயற்சியின் பங்கு’ என்னும் பொருளில், டொனால்டு, பிரவுன், மக்விகார் ஆகியோரின் பணியை முன்வைத்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.